பிள்ளை தாயிடம் திரும்பட்டும்



நபி மூஸா (அலை) அவர்களின் குழந்தைப் பருவ வரலாற்றை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். ஃபிர்அவ்னின் கொடுமைக்கு அஞ்சிய தாய், இறைக்கட்டளைப்படி குழந்தையைப் பேழையில் வைத்து ஆற்றில் விட்டார். அவ்வரலாற்றில் மூஸா (அலை) அவர்களுடைய சகோதரியின் பங்கை நாம் அதிகம் சிந்திப்பதில்லை. தம்பி செல்லும் திசையைத் தொலைவிலிருந்து கவனித்தவர் அவர். குழந்தை எந்தச் செவிலித்தாயின் பாலையும் ஏற்காதபோது, தக்க நேரத்தில் பேசி, அதனை வளர்க்கத் தகுந்த குடும்பத்தை அடையாளம் காட்டியவரும் அவரே. அதனால் குழந்தை பெற்ற தாயின் மடிக்கே திரும்பியது.

பிரிந்த பிள்ளைக்கும் தவிக்கும் தாய்க்கும் நடுவே நின்று இப்பணியைச் செய்வோர் இன்றும் இருக்கின்றனர். குழந்தைகள் நலக் குழுவுக்குத் துணைநிற்கும் சமூகப் பணியாளர்களே அவர்கள். ஆனால் நம் மஹல்லாக்களில் அவர்களைப் பற்றிய அறிவைவிட அச்சமே மிகுதியாக இருக்கிறது.

அச்சத்தால் கழிந்த ஒரு வாரம்

சில ஆண்டுகளுக்கு முன், நான் இமாமாகப் பணியாற்றிய மஹல்லாவில் கணவரை இழந்த சகோதரி ஒருவர் பீடி சுற்றிப் பிழைத்து வந்தார். அவருடைய 13 வயது மகன் ஒருநாள் வீட்டை விட்டுச் சென்றுவிட்டான். வெளியூர் இரயில் நிலையத்தில் அவனைக் கண்ட காவலர்கள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்தினர். குழு அவனைக் காப்பகத்தில் தங்கவைத்துத் தாய்க்குத் தகவல் அனுப்பியது. "போனால் வழக்குப் போடுவார்கள், பிள்ளையையும் தரமாட்டார்கள்" என்று உறவினர்கள் பயமுறுத்தியதால், அத்தாய் ஒரு வாரம் வீட்டிலேயே அழுதுகொண்டிருந்தார். பிறகுதான் பள்ளிவாசலுக்கு வந்து, "ஹஜ்ரத், என் பிள்ளையை எப்படியாவது மீட்டுத் தாருங்கள்" என்றார்.

மறுநாள் ஜமாஅத் செயலாளரும் நானும் அவரை அழைத்துச் சென்றோம். அங்கே எவரும் அவரைக் குற்றவாளியாக நடத்தவில்லை. சில நாட்களில் பெண் சமூகப் பணியாளர் ஒருவர் வீட்டுக்கு வந்து, வருமானம், கடன், பிள்ளையின் படிப்பு யாவற்றையும் பொறுமையுடன் கேட்டறிந்தார். மகனிடமும் அவர் தனியே பேசியிருந்தார். கடன்காரர்கள் வாசலில் நின்று தாயை ஏசுவதைப் பொறுக்க இயலாமல், சம்பாதித்து வருவதற்காகவே அவன் புறப்பட்டான் என்ற உண்மை அப்போதுதான் வெளிவந்தது. அவருடைய அறிக்கையின் பேரில் பிள்ளை தாயிடம் ஒப்படைக்கப்பட்டான். பைத்துல்மாலிலிருந்து அக்கடனை அடைத்தோம்.

அவன் மூன்று மாதங்களாக மக்தபுக்கு வரவில்லை என்பதை நான் அறிந்தே இருந்தேன். பதிவேட்டில் குறித்தேனே தவிர, அவ்வீட்டுக் கதவைத் தட்டிக் காரணம் கேட்கவில்லை. முன்பின் அறியாத அப்பெண்மணி வந்து கேட்டார். இதற்காக அல்லாஹ்விடம் பாவமன்னிப்புத் தேடுகிறேன்.

சட்டம் கூறுவதென்ன?

2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட குழந்தைகள் நலக் குழு மாவட்டந்தோறும் செயல்படுகிறது. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் 18 வயது நிறையாத பிள்ளையை, பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்திற்குள் இக்குழுவின் முன் நிறுத்த வேண்டும். சமூக விசாரணையை 15 நாட்களிலும், இறுதி ஆணையை 4 மாதங்களுக்குள்ளும் முடிக்க வேண்டும். பிள்ளையை வளர்க்கும் முதற்பொறுப்பு குடும்பத்திற்கே உரியது என்பதும், காப்பகம் இறுதி வழியாகவே இருக்க வேண்டும் என்பதும் இச்சட்டத்தின் அடிப்படைக் கொள்கைகள். ஆணையில் குறை காண்போர் 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

எனவே சமூகப் பணியாளர் வீட்டுக்கு வரும்போது ஒளியாதீர்கள், உண்மையை மறைக்காதீர்கள். வறுமையைச் சொல்வதில் இழிவில்லை. பிள்ளையின் பிறப்புச் சான்று, குடும்ப அட்டை, பள்ளிச் சான்று ஆகியவற்றைக் காட்டுங்கள். கேட்ட தேதியில் குழுவின் முன் செல்லுங்கள். தாயின் மௌனத்தைக் குழு அக்கறையின்மை என்று எண்ணிவிடக் கூடும்.

வீட்டுக்குள்ளேயே பிள்ளைக்குத் தீங்கு நேரும் நிலையும் உண்டு. அங்கே குடும்ப மானத்தைக் காரணம் காட்டி அநீதியை மூடுவது பெரும் பாவம். பிள்ளையின் பாதுகாப்பே முதன்மையானது. பாலியல் கொடுமையை அறிந்தும் தெரிவிக்காதிருப்பது, 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி தண்டனைக்குரிய குற்றமுமாகும். 1098 என்ற இலவச எண்ணில் எந்நேரமும் தெரிவிக்கலாம்.

எத்தீம்களும் நாமும்

பருவமடையும் முன் தந்தையை இழந்த பிள்ளையையே ஷரீஅத் எத்தீம் என்கிறது. ஆக, எத்தீமுக்குத் தாய் இருக்கக் கூடும். நம் பெருமானார் (ஸல்) அவர்களும் எத்தீமாகவே பிறந்தார்கள். ஆறு வயது வரை அன்னையும், எட்டு வயது வரை பாட்டனார் அப்துல் முத்தலிபும், பின்னர் பெரிய தந்தை அபூதாலிபும் அவர்களைப் பேணினர். அன்னை மறைந்த பின்னும் குடும்பம் அவர்களைக் கைவிடவில்லை.

நம் எத்தீம்கானாக்களின் சேவையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் தாயிருந்தும் சோற்றுக்கில்லாத ஒரே காரணத்தால் அங்கே சேர்க்கப்படும் பிள்ளையைப் பற்றிச் சிந்தியுங்கள். அவனுக்காகச் செலவிடும் தொகையைத் தாயிடம் மாதந்தோறும் கொடுத்தால் அவன் வீட்டிலேயே வளரலாம் அல்லவா?

அரசும் இதனை உணர்ந்துள்ளது. மிஷன் வாத்சல்யா திட்டத்தின் நிதி ஆதரவின் கீழ், விதவைகள், கைவிடப்பட்ட பெண்கள் ஆகியோரின் பிள்ளைகளுக்கும், உறவினரிடம் வளரும் அநாதைகளுக்கும், பெற்றோர் கொடிய நோயால் வாடும் பிள்ளைகளுக்கும் மாதம் 4,000 ரூபாய் வழங்கப்படுகிறது. குடும்பத்தின் ஆண்டு வருமானம் கிராமப்புறத்தில் 72,000 ரூபாய்க்கும், ஏனைய இடங்களில் 96,000 ரூபாய்க்கும் மிகாதிருக்க வேண்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்கலாம்.

ஜமாஅத் நிர்வாகிகளே! மஹல்லாவில் இத்தகைய குடும்பங்களைப் பட்டியலிடுங்கள். விண்ணப்பம் எழுதத் தெரிந்த இளைஞர் இருவரை நியமியுங்கள். குழுவின் முன் தனியே செல்லத் தயங்கும் தாயுடன் துணைக்குச் செல்லுங்கள். பள்ளிக்கும் மக்தபுக்கும் வராத பிள்ளையின் வீட்டுக்கு அந்த வாரமே செல்லுங்கள்.

வல்ல நாயன், பிரிந்த பிள்ளைகளைத் தாய்மாரிடம் நலமுடன் சேர்த்து வைப்பானாக! அதற்குத் துணைநிற்கும் நல்லடியார்களாக நம்மை ஆக்குவானாக! ஆமீன்.