ஓசூரிலிருந்து நாட்றாம்பாளையம் வழியாக ஒகேனக்கல்: போவதற்கு முன் பார்க்க வேண்டிய இரண்டு காலண்டர்கள்

ஓசூரிலிருந்து ஒகேனக்கல் போக இரண்டு வழி. ஒன்று எல்லோரும் போவது: நாற்கரச் சாலையில் கிருஷ்ணகிரி, தருமபுரி, அங்கிருந்து பென்னாகரம். இன்னொன்று தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, நாட்றாம்பாளையம் வழியாகக் காட்டுக்குள் இறங்குவது. இது தூரம் ரொம்பக் குறைவு. சுமார் 90 கிலோமீட்டர்தான். ஆனால் நேரம் பெரிசா மிச்சமாகாது. சாலை குறுகல், வளைவுகள் அதிகம், வேகம் போக முடியாது, போகவும் கூடாது. இந்த வழியைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

முதலில் நிலம். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில், மைசூர் பீடபூமியின் விளிம்பில் இருக்கிறது. ஒகேனக்கல் சுமார் 250 மீட்டர். ஆக, இந்தப் பயணமே ஒரு மாடிப்படி இறங்குவது மாதிரி. 600 மீட்டருக்கு மேல் இறங்கும்போது வெப்பம் 4 டிகிரியாவது ஏறும். தேன்கனிக்கோட்டையில் ஜன்னலை இறக்கிவிட்டுப் போனவர்கள் ஆற்றங்கரைக்கு வருவதற்குள் ஏசி போடுவது இதனால்தான். மேலே சிப்காட் தொழிற்பேட்டை, ரோஜாத் தோட்டங்கள். கீழே மேலகிரி மலைகளுக்கு நடுவே மூங்கிலும் வறண்ட இலையுதிர் காடும். பேச்சும் கலப்பு: தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் ஒரே டீக்கடையில் கேட்கும். ஒகேனக்கல் என்ற பெயரே கன்னடம்தான்; ஹொகே என்றால் புகை, கல்லு என்றால் கல்.

பெங்களூர்க்காரர்கள் இந்தக் காட்டைத் தேடி வருவது இன்றைக்கு நேற்று தொடங்கியதல்ல. கென்னத் ஆண்டர்சன் (1910–1974) 1954-இல் வெளியிட்ட முதல் வேட்டைப் புத்தகத்தில் ஜவளகிரியின் ஆட்கொல்லிப் புலிக்குத் தனி அத்தியாயமே உண்டு.

இனி காலண்டர்கள். முதலாவது ஆற்றுடையது. டிவி செய்தியில் தினமும் வரும் “பிலிகுண்டுலுவில் நீர்வரத்து விநாடிக்கு இத்தனை கன அடி” என்ற வரியை யாரும் கேட்காமல் இருந்திருக்க முடியாது. அந்தப் பிலிகுண்டுலு இருப்பது இந்தப் பக்கம்தான், ஒகேனக்கலுக்குச் சற்று மேலே. காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழையும் அந்த இடத்தில் மத்திய நீர் ஆணையம் தண்ணீரை அளக்கிறது. 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் ஆண்டுக்கு 177.25 டிஎம்சி என்று சொன்னதும் இங்கே அளக்கப்படும் தண்ணீரைத்தான். பயணம் போகிறவருக்கு இந்த எண் வேறு விதத்தில் முக்கியம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஓசூரில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். ஆனால் குடகிலும் வயநாட்டிலும் பெய்யும் மழையால் கிருஷ்ணராஜசாகர், கபினி அணைகள் நிரம்பி, உபரி நீர் ஒகேனக்கலுக்கு வந்துவிடும். 2018, 2022, 2024 ஆண்டுகளில் வரத்து 1 லட்சம் கன அடியைத் தாண்டியது. அப்படி ஏறினால் பரிசலுக்கும் தடை, குளிக்கவும் தடை. கிளம்புவதற்கு முந்தைய நாள் அந்தச் செய்தியைப் பார்த்தால் போதும். வானத்தைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க.

இரண்டாவது யானையின் காலண்டர். இதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

சாலையின் இருபுறமும் இருப்பது காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம். 2014-இல் அறிவித்தார்கள், 500 சதுர கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். 2022-இல் காவிரி தெற்கு சரணாலயமும் சேர்ந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் கர்நாடகத்தின் காவிரி சரணாலயம், பன்னார்கட்டா. வரைபடத்தில் இரண்டு மாநிலம். யானைக்கு ஒரே காடு. மழைக்காலம் முடியும் தறுவாயில், ஏறத்தாழ அக்டோபரிலிருந்து, கூட்டங்கள் பன்னார்கட்டா பக்கமிருந்து தளி, ஜவளகிரி வழியாகத் தேன்கனிக்கோட்டைக் காடுகளுக்கு வரும். சில கூட்டங்கள் தேசிய நெடுஞ்சாலையை ஒட்டிய சானமாவு காடு வரைக்கும் போய்விடும். திரும்ப இரண்டு மூன்று மாதத்துக்கு மேல் ஆகும்.

ஏன் அப்போது? மானாவாரி ராகி கதிர் பிடிப்பது அந்தச் சமயத்தில்தான். ஒரு யானைக்கு நாளைக்கு 150 கிலோவாவது தீனி வேண்டும். காட்டில் நாள் முழுக்க மேய்ந்து சேர்ப்பதை வயலில் கொஞ்ச நேரத்தில் முடித்துவிடலாம். விவசாயிக்கோ அது வருஷத்துக் களி. அதனால்தான் இரவு முழுக்கப் பரண், தீப்பந்தம், பட்டாசு. வனத்துறை அகழி வெட்டுகிறது, சில இடங்களில் இரும்புக் கம்பிவட வேலியும் போட்டிருக்கிறது. ஆனாலும் ஒவ்வொரு வருஷமும் உயிர் போன செய்தி வராமல் இருப்பதில்லை.

சிக்கல் என்னவென்றால், காடு பச்சையாக, குளிர் இதமாக, பரிசலும் ஓடுகிற நல்ல மாதங்கள் நமக்கும் அதேதான். மாலையில் கூட்டம் சாலையைக் கடக்க வரும். நாலு கார் நின்று, செல்போனை நீட்டி, ஹாரன் அடித்தால் கூட்டம் இரண்டாகப் பிரியும். குட்டி ஒரு பக்கம், தாய் ஒரு பக்கம் மாட்டிக்கொண்டால் தாய் பதறும். நாம் வீடியோ எடுத்துவிட்டுக் கிளம்பிவிடுவோம். அரை மணி கழித்து அதே வளைவில் டூவீலரில் வருகிறவர், சந்தையிலிருந்தோ வேலையிலிருந்தோ நாட்றாம்பாளையம் பக்கத்துக் கிராமத்துக்குத் திரும்புகிறவர். அவர்தான் அந்தக் கோபத்துக்கு எதிரே போய் நிற்பார்.

ஆகவே நான் பின்பற்றும் முறை இது. டேங்கை ஓசூரிலோ தேன்கனிக்கோட்டையிலோ நிரப்பிவிடுவேன். காலை 7 மணிக்குமேல் காட்டுப் பகுதிக்குள் நுழைவேன். யானை தெரிந்தால் தூரமாக நிறுத்தி, ஹாரனைத் தொடாமல், அது போகும்வரை இருப்பேன். பின்னால் வரும் வண்டிக்கும் கைகாட்டுவேன். வண்டியை நிறுத்தி இறங்குவது அஞ்செட்டியிலும் நாட்றாம்பாளையத்திலும் மட்டும். டீ, பிஸ்கட், கொஞ்சம் பேச்சு. நடுக்காட்டில் சாப்பாட்டுப் பொட்டலம் பிரிப்பதில்லை. திரும்பும்போது ஒகேனக்கலில் மீன் வறுவலுக்கு நேரமாகி மணி மூன்றைத் தாண்டிவிட்டால், தூரம் கூடினாலும் பென்னாகரம், தருமபுரி வழியாகவே வீட்டுக்கு.