பெட்டிக்கும் பெயர் வேண்டும்

நெய்வேலி டவுன்ஷிப்பில் பிள்ளை படிப்பை முடித்தால் வீட்டில் எழும் முதல் கேள்வி, பொதுத்துறை நிறுவனமான என்எல்சியில் எப்போது ஆள் எடுக்கிறார்கள் என்பதுதான். அதற்கான வாசல் இப்போது இணையதளத்தில் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பொதுத்துறை நிறுவனங்கள் உட்பட அரசு நிறுவனங்களில் குறைந்தது 4 சதவீத இடங்களை ஒதுக்கச் சொல்கிறது. அந்த இடத்துக்குப் போட்டியிட முதலில் படிவத்தை நிரப்பியாக வேண்டும். எனவே எந்த நிறுவனமானாலும், அதன் படிவத்தையும் இடஒதுக்கீட்டின் ஒரு பகுதியாகவே பார்க்க வேண்டும்.

பார்வையற்றவர் என்விடிஏ போன்ற திரைவாசிப்பு மென்பொருள் சொல்வதைக் கேட்டுத்தான் கணினியைக் கையாள்கிறார். ‘தந்தை பெயர்’ என்ற எழுத்து பெட்டிக்குப் பக்கத்தில் தெரிந்தால் மட்டும் போதாது; நிரலில் இரண்டையும் முடிச்சுப் போட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் பெரும்பாலும் அவர் காதில் விழுவது ‘எழுதும் இடம், காலி’ என்பதுதான். இருபது பெட்டி இருந்தால் இருபது முறையும் அதேதான். மவுஸுக்கு மட்டுமே மசியும் பிறந்த தேதி நாட்காட்டி, கை நடுங்குபவரை அங்கேயே நிறுத்திவிடுகிறது. பிரபலமான 10 லட்சம் முகப்புப் பக்கங்களை ஆண்டுதோறும் சோதிக்கும் அமெரிக்காவின் வெப்எய்ம் அமைப்பு, 2024-இல் ஏறக்குறைய பாதிப் பக்கங்களில் இந்த முடிச்சு விடுபட்டிருப்பதைக் கண்டது. பெட்டிக்கு ஒரு வரி நிரல் எழுதினால் தீரக்கூடிய குறை!

‘பிரவுசிங் சென்டரில் நிரப்பித் தருவார்களே’ என்பார்கள். தருவார்கள். ஆனால் கடவுச்சொல்லும் ஓடிபியும் அந்நியர் கைக்குப் போகும்; அவர் தட்டிய தப்புக்கு இவர் விண்ணப்பம் தள்ளுபடியாகும்; தான் படிக்க முடியாத பக்கத்தில் ‘மேற்கண்டவை உண்மை’ என்று உறுதியளிக்க வேண்டியிருக்கும். படத்தில் உள்ள எழுத்தைப் பார்த்து எழுதச் சொல்லும் கேப்ட்சாவும் பார்வையற்றவருக்கு ஒரு தடைதான். அது பாதுகாப்புக்குத்தான் என்ற வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் அதற்குப் படப்புதிர் ஒன்றே வழியல்ல. ஒலிப்புதிரையும் ஓடிபியையும் சேர்த்துக் கொடுத்து, வேண்டியதைத் தேர்ந்தெடுக்க விடலாம்.

அமில வீச்சில் கண்கள் பாதிக்கப்பட்ட பிரக்யா பிரசூன், வங்கிக் கணக்குக்கான இணையவழிச் சரிபார்ப்பில் கேட்டபடி கண் சிமிட்ட முடியாமல் நின்றார். அவர் தொடுத்த வழக்கில் 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமைக்குள் அடங்கும் என்றது. பயனாளிகள் குறைவு, செலவு அதிகம் என்ற பேச்சு அதற்குப்பின் எடுபடாது. சோதித்துப் பார்க்கவும் பெரிய செலவில்லை. என்விடிஏ இலவசம். மவுஸைக் கழற்றிவிட்டு, டேப் விசையை மட்டும் தட்டித் தட்டி, ‘சமர்ப்பி’ பொத்தான் வரை ஒருமுறை போய்வரலாம். வேலை அறிவிப்பு வெளியாவதற்கு முன்பே.