கலாபாகோசுத் தீவுகளும் டார்வின் கற்ற பாடமும்

உயிரினங்களின் கூர்ப்பைப் பற்றிப் பேசுவோர் யாவரும் கலாபாகோசுத் தீவுகளை நினைவுகூர்வர். தென் அமெரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து ஏறத்தாழ 1,000 கிலோமீற்றர் தொலைவில், பூமத்தியரேகையை அடுத்து, பசிபிக் சமுத்திரத்தில் அமைந்துள்ள இத்தீவுக்கூட்டம் எக்குவடோர் நாட்டிற்கு உரியது. கடலடியிலிருந்து எழுந்த எரிமலைகளே இத்தீவுகளாயின. எக்காலத்தும் இவை பெருநிலத்தோடு இணைந்திருந்தனவல்ல. ஆதலின், பறந்தோ மிதந்தோ வந்து சேரத்தக்க உயிர்களே ஈண்டுக் குடியேறின. தவளையினம் இங்கு இயல்பாக இல்லை. தரைவாழ் முலையூட்டிகளும் மிகச் சிலவே. பேராமைகளும், உடும்பை ஒத்த இகுவானாக்களும், பறவைகளுமே இத்தீவுகளின் குடிகள்.

1835ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்தில் 'பீகிள்' என்னும் பிரித்தானியக் கப்பல் இங்கு வந்தது. அதில் வந்த சார்ள்ஸ் டார்வினுக்கு அப்போது வயது 26. ஐந்து வாரகாலத்தில் அவர் நான்கு தீவுகளில் இறங்கி உயிரினங்களைச் சேகரித்தார். கடலில் மூழ்கிப் பாசியை உண்ணும் இகுவானாவை அவர் கண்டார். அங்குள்ள பறவைகள் மனிதருக்கு அஞ்சுவதை அறியா. மரக்கிளையில் இருந்த பருந்தொன்றைத் துப்பாக்கி முனையாலேயே அவர் தள்ளிவிட்டார்.

ஆயின், கண்ணுக்கு எளிதில் தோன்றிய இவை அத்தீவுகளின் பேருண்மையல்ல. தீவுகளின் ஆட்சிப்பொறுப்பில் இருந்த நிக்கலஸ் லோசன் என்பார், ஓர் ஆமையைக் கண்டால் அஃது எத்தீவினது எனத் தம்மாற் கூறமுடியும் என்றார். வறண்ட தீவுகள் சிலவற்றின் ஆமைகளுக்கு ஓட்டின் முன்விளிம்பு குதிரைச் சேணம்போல் மேலெழுந்திருக்கும். உயரத்திலுள்ள கள்ளியைக் கழுத்தை நீட்டி உண்பதற்கு அஃது உதவும். ஈரத் தீவுகளின் ஆமைகளுக்கோ ஓடு குவிந்திருக்கும். டார்வின் இக்கூற்றை அப்போது பொருட்படுத்தவில்லை. மொக்கிங் பறவைகள் தீவுக்குத் தீவு வேறுபடுவதைக் கண்டு, அவற்றை மாத்திரம் தீவுவாரியாகக் குறித்துவைத்தார். பிஞ்சுப் பறவைகள் பலவற்றை எத்தீவிற் பிடித்தவை எனக் குறியாது ஒன்றாகக் கலந்துவிட்டார்.

1837ஆம் ஆண்டு சனவரியில், இலண்டனிற் பறவையியல் அறிஞர் யோன் கூல்ட் அப்பறவைகளை ஆராய்ந்தார். அலகினால் ஒன்றுக்கொன்று வெகுவாக வேறுபட்டும், அவை யாவும் நெருங்கிய உறவுடைய தனியினங்கள் என அவர் வெளிப்படுத்தினார். அதன் பின்னரே டார்வின் தம் தவற்றின் பெருமையை உணர்ந்தார். கப்டன் பிற்ஸ்றோயும், டார்வினின் ஏவலாளர் கொவிங்டனும் சேர்த்த பறவைகளுக்குத் தீவின் பெயர் குறிக்கப்பட்டிருந்தது. அவற்றின் துணைகொண்டே டார்வின் தம் குறையை ஓரளவு நிரப்பிக்கொண்டார். கண்டதனினும், கண்ட இடத்தைக் குறித்தலே சிலவேளை பெரிதாகின்றது.

இப்பாடத்தை முற்றக் கற்றோர் பீற்றர் கிராண்ட், றோஸ்மேரி கிராண்ட் தம்பதியினர். 1973 முதலாகப் பல்லாண்டுகள், டாப்னி மேஜர் என்னும் சிறுதீவில், அவர்கள் பிஞ்சுப் பறவைகளைப் பிடித்து, காலில் வளையமிட்டு, அலகை அளந்து பதிவுசெய்தனர். 1977இல் மழை பொய்த்தது. சிறுவித்துக்கள் தீர்ந்துபோக, கடினமான பெருவித்துக்களே எஞ்சின. அவற்றை உடைக்கவல்ல பேரலகுடைய பறவைகளே பெரும்பாலும் பிழைத்தன. அவற்றின் குஞ்சுகளும் அவ்வாறே அமைந்தன. 1983இல் பெருமழை பெய்து சிறுவித்துக்கள் மலிந்தபின், சிற்றலகுடையனவே நலம்பெற்றன. இயற்கைத் தேர்வு ஒருவர் வாழ்நாளுக்குள்ளேயே கண்காண நிகழ்வதை அப்பதிவேடுகள் மெய்ப்பித்தன.

டார்வினின் பறவைப் பதிவுகளைப் பிறர் பதிவுகள் திருத்தின. ஆமைகளுக்கோ அவ்வாய்ப்பு வாய்க்கவில்லை. உணவுக்காகக் கப்பலேற்றப்பட்ட ஆமைகளின் ஓடுகள் கடலில் எறியப்பட்டன. லோசன் டார்வினோடு உரையாடிய புளோறியானாத் தீவின் ஆமைகளோ, சில பத்தாண்டுகளுக்குள் அத்தீவிலிருந்து அற்றுப்போயின. கேட்டபோதே குறித்திருந்தால் அவற்றின் வரலாறேனும் முழுமையாக எஞ்சியிருக்கும். இயற்கையை ஆராயப் புகும் மாணவர் கையில் முதற்கண் இருக்கவேண்டியது குறிப்பேடும் எழுதுகோலுமே. நாளும் இடமும் உடனே எழுதப்பெறாத காட்சி பின்னர் எத்துணை அறிவாற்றலாலும் மீட்டற்கு அரிதாகும்.