கொட்டகையில் உறங்கும் காருக்குப் பிரீமியம்

செட்டிநாட்டில் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளின் பக்கவாட்டில், ஒரு காலத்தில் வில்வண்டியும் காளைகளும் நின்ற கொட்டகையிலே, இப்போது உறை போர்த்திய கார் ஒன்று நிற்பதைக் காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் சாதாரணமாகக் காணலாம். சொந்தக்காரர் சென்னையிலோ பெங்களூரிலோ சிங்கப்பூரிலோ இருப்பார். கல்யாணம், சாந்தி, படைப்பு என்று ஊரில் ஏதேனும் விசேஷம் வந்து அவர் வந்து இறங்கினால்தான் அந்த உறை விலகும். பிள்ளையார்பட்டிக்கு ஒரு நடை, தேவகோட்டைக்கு ஒரு நடை, தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடப்பவர்களின் சாமான்களை ஏற்றிக்கொண்டு பின்னால் போவது என்று பத்துப் பதினைந்து நாள் உழைத்துவிட்டு, கார் மறுபடியும் நித்திரையில் ஆழ்ந்துவிடும். கோட்டையூரில் அப்படியொரு காருக்குச் சொந்தக்காரரான பெரியவர், புதுப்பிப்பதற்கு வந்த இன்ஷூரன்ஸ் தாளை என்னிடம் நீட்டி, "கார் ஓடுறதே இல்லை தம்பி, பிரீமியம் மட்டும் வருஷந் தவறாம ஓடுதே, அது எப்படி?" என்று கேட்டார். சிறுவயதில் பெட்டியடியில் உட்கார்ந்து ஐந்தொகை எழுதிப் பழகிய கை அவருடையது. மொத்தத் தொகையைப் பார்த்து முகம் சுளிப்பதற்குப் பதிலாக, அதற்குள் எந்த இனம் எவ்வளவு என்று கேட்பது அவருக்கு இயல்பு. மலிவான பிரீமியத்துக்கு வழி அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறது என்பது என் அபிப்பிராயம்.

இன்ஷூரன்ஸ் இந்த மண்ணுக்கு அந்நியமான வியாபாரமும் அன்று. 1937-இல் காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று இடங்களிலும் ஒரே நாளில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் திறந்த எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார், அடுத்த ஆண்டே யுனைடெட் இந்தியா என்ற பெயரில் தீ மற்றும் பொதுக் காப்பீட்டுக் கம்பெனி ஒன்றையும் ஸ்தாபித்தார். பிறருடைய ஆபத்துகளுக்கெல்லாம் ஈடு சொல்லும் தொழிலை நடத்திய அவரே 1954-இல் சிங்கப்பூர் விமான விபத்தில் மறைந்தது காலத்தின் கொடுமை. 1973-இல் பொதுக் காப்பீடு தேசியமயமானபோது நூற்றுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் நான்காக ஒடுங்கின. அந்த நான்கில் ஒன்று, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு அதே பெயரோடு இன்றும் நடக்கிறது. பள்ளத்தூரை வேராகக் கொண்ட முருகப்பா குழுமத்தாரும் பிற்காலத்தில் சோழமண்டலம் என்ற பெயரில் இதே துறைக்கு வந்து சேர்ந்தார்கள்.

இனிப் பெரியவரின் தாளுக்கு வருவோம். சீர்வரிசைகளை வரிவரியாக எழுதிவைக்கும் முறைச்சிட்டையைப் படிப்பதுபோல அதைப் படித்தால், பிரதானமாக இரண்டு பகுதிகள் தென்படும். முதலாவது, நம் காரால் பிறருக்கு நேரும் நஷ்டத்துக்கான 'தேர்டு பார்ட்டி'. 1939-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் வழியாக, 1946 ஜூலை முதல் தேதியிலிருந்து இது கட்டாயமாயிற்று. இதன் விலையை நிர்ணயிப்பது அரசாங்கம். 2022 ஜூன் முதல் தேதி அமலுக்கு வந்த அறிவிப்பின்படி 1000 சி.சி.க்கு உட்பட்ட சொந்தக் காருக்கு ஆண்டுக்கு 2,094 ரூபாய், 1500 சி.சி. வரை 3,416 ரூபாய், அதற்கு மேல் 7,897 ரூபாய், வரி தனி. புதுக் கார் வாங்குகிறவர் இந்தப் பகுதியை மூன்று வருஷத்துக்குச் சேர்த்தே கட்ட வேண்டும் என்பது 2018 செப்டம்பரிலிருந்து ஏற்பட்ட ஏற்பாடு. சாலை விபத்துகளில் சிதைந்து வருபவர்களை நாள்தோறும் பார்த்த கோயம்புத்தூர் எலும்பு மருத்துவர் டாக்டர் எஸ். ராஜசேகரன் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கின் பலன் அது. எந்தக் கம்பெனியிடம் போனாலும் இந்தத் தொகை ஒன்றே. ஆகையால், "எங்களிடம் தேர்டு பார்ட்டி மலிவு" என்று ஒருவர் சொன்னால், அவர் கொடுக்கும் பாலிசியின் நிஜத்தன்மையையே சந்தேகிக்கலாம்.

இரண்டாவது பகுதிதான் பேரத்துக்கு உரியது: நம் காருக்கே ஏற்படும் சேதத்துக்கான 'ஓன் டேமேஜ்'. 2006-ஆம் வருஷம் முடிய இதற்கும் நாடு முழுவதும் ஒரே டாரிஃப் இருந்தது. 2007 ஜனவரி முதல் தேதி அந்தக் கட்டு அவிழ்ந்தது. அன்று முதல் ஒரே காருக்கு ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு விலை சொல்கிறது. எனினும் கார் விற்ற கடையிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டு, வருஷாவருஷம் அவர்கள் அனுப்பும் தொகையை அப்படியே கட்டுகிறவர்கள்தாம் பெரும்பாலோர். புளி வாங்கக்கூட நாலு கடை விசாரிக்கிற ஊரில் இது ஓர் அதிசயம். டீலரிடமே எடுத்தாக வேண்டும் என்ற நிர்ப்பந்தம் சட்டத்தில் கிடையாது. அவர் கொடுத்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு, கம்பெனிகளின் வலைத்தளங்களிலும் ஓர் ஏஜெண்டிடமும் அதே காருக்கு, அதே நிபந்தனைகளுக்கு விலை கேட்டுப் பார்ப்பதற்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது.

பதிவு செய்த இடமும் இதில் சற்றே பேசும். சென்னை உள்ளிட்ட எட்டு மாநகரங்கள் ஒரு மண்டலம், மற்றவை வேறொரு மண்டலம் என்பது பழைய டாரிஃப் பிரிவினை, டி.என். 63 எண் தாங்கிய சிவகங்கை மாவட்டத்துக் கார் இரண்டாவதைச் சேர்ந்தது, அதற்கு விகிதம் சிறிது குறைவு. கார் எங்கே நிற்கிறது என்பது இங்கே கணக்கில்லை. சென்னையில் பதிவாகிக் கானாடுகாத்தானில் உறங்கும் கார், காகிதத்தில் சென்னைக் காரேதான்.

இவை எல்லாவற்றினும் கனமானது 'நோ கிளெய்ம் போனஸ்'. ஒரு வருஷம் நஷ்ட ஈடு கேட்காமல் இருந்தால் ஓன் டேமேஜ் பகுதியில் 20 சதவீதம் தள்ளுபடி. பிறகு 25, 35, 45 என்று ஏறி, ஐந்து வருஷத்தில் 50 சதவீதத்தில் நிற்கும். ஒரே ஒரு கிளெய்ம் போட்டாலும் அடுத்த புதுப்பித்தலில் அது பூஜ்யமாகிவிடும். ஓர் உதாரணம் பார்ப்போம். போனஸ் கழிக்காத ஓன் டேமேஜ் தொகை 8,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், பாதித் தள்ளுபடி பெற்றவர் கட்டுவது 4,000. ஊரணிக் கரையில் திரும்பும்போது ஒரு கல்லில் உரசி, பம்பரைச் சரிசெய்ய 3,000 ரூபாய் ஆகிறது. காப்பீடுதான் இருக்கிறதே என்று அவர் கிளெய்ம் போடுகிறார். கட்டாயக் கழிவாக 1,000 ரூபாயும், பிளாஸ்டிக் பாகத்துக்குத் தேய்மானமாகப் பாதி விலையும் போக, கைக்கு வருவது ஆயிரத்தைத் தாண்டுவதே கஷ்டம். அடுத்த வருஷம் இழப்பதோ 4,000 ரூபாய், அதற்கடுத்த வருஷங்களின் இழப்பு வேறு. வட்டிக்கு வட்டி தெரிந்த ஊரில் இதை விஸ்தாரமாகச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தப் போனஸ் காருக்கு உரியதன்று, சொந்தக்காரருக்கு உரியது என்பதைப் பலர் அறியாமல் நஷ்டப்படுகிறார்கள். பழைய காரை விற்றால் போனஸையும் சேர்த்து விற்றுவிட வேண்டாம். கம்பெனியிடம் கடிதம் வாங்கி வைத்துக்கொண்டால் மூன்று வருஷத்துக்குள் வாங்கும் அடுத்த காருக்கு அது செல்லும். அப்பச்சி காலமாகி அவருடைய கார் மகனுக்கு வந்தால், போனஸும் வாரிசு முறையில் வரும். வெளிநாட்டில் கார் வைத்திருந்து ஊரோடு திரும்புகிறவர், அங்கே கிளெய்ம் இல்லாமல் ஓட்டியதற்கான சான்றைக் காட்டி இங்கே சலுகை கேட்பதற்கும் டாரிஃப் விதிகளில் இடம் இருந்தது. ஆகவே சிங்கப்பூர்க் கம்பெனியின் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட வேண்டாம்.

பெரியவரின் கேள்விக்கு நேரான விடை 2022 ஜூலையில்தான் கிடைத்தது. ஓடும் தூரத்துக்கு ஏற்பப் பிரீமியம் கட்டும் 'பே ஆஸ் யூ டிரைவ்' முறையைக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் அந்த மாதத்தில் அனுமதித்தது. ஒருவர் பெயரில் உள்ள பல வண்டிகளை ஒரே பாலிசியில் சேர்க்கும் முறைக்கும் கூடவே அனுமதி வந்தது. வருஷத்துக்கு இத்தனை கிலோமீட்டருக்குள் ஓட்டுவேன் என்று முன்னதாகச் சொல்லி, ஓடோமீட்டரைப் படமெடுத்துக் கொடுத்தால், ஓன் டேமேஜ் பகுதி குறைகிறது. வரம்பு நெருங்கும்போது மேற்கொண்டு கிலோமீட்டர் வாங்கிக்கொள்ள வேண்டும். மறந்தால் கிளெய்ம் சமயத்தில் சங்கடம். கொட்டகைக் காருக்கென்றே செய்தாற்போன்ற ஏற்பாடு இது. ஊரிலேயே குடியிருந்து தினம் திருப்பத்தூருக்கும் மதுரைக்கும் ஓட்டுகிறவருக்கு இதனால் யாதொரு லாபமும் இல்லை.

ஒரு வீட்டில் இரண்டு கார் ஒரே பெயரில் இருந்தால், சொந்தக்காரருக்கான 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பை இரண்டிலும் எடுக்கத் தேவையில்லை. 2019 ஜனவரியிலிருந்து அதைத் தனியாக ஒருமுறை எடுத்தால் போதும். பெரியவர் பெயரில் இன்னொரு காரும் உண்டு; அதன் தாளிலும் இந்தக் காப்பு இருந்தது. 'நில் டெப்' என்றும் 'பம்பர் டு பம்பர்' என்றும் சொல்லும், தேய்மானம் கழிக்காத பாலிசியைப் புதுக் காருக்கு வாங்குவது நியாயம்; அதையே ஐந்து வருஷத்துக்குக் கட்டாயமாக்கிச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஆகஸ்டில் பிறப்பித்த உத்தரவு மறுமாதமே விலக்கிக்கொள்ளப்பட்டது. வெள்ளத்தில் எஞ்சின் கெட்டால் கிடைக்கும் காப்பு இந்த வறண்ட பூமியில் அநாவசியம் என்று தோன்றலாம். கார்த்திகை மார்கழியில் காரைச் சென்னைக்கு எடுத்துப் போகிற வழக்கம் உள்ளவர் அப்படித் தீர்மானிக்க வேண்டாம்.

மலிவு போலத் தோன்றும் கண்ணிகளும் உண்டு. காரின் மதிப்பான ஐ.டி.வி.யைக் குறைத்துப் போட்டால் பிரீமியம் குறையும் என்று சிலர் யோசனை சொல்வார்கள். கார் திருட்டுப் போனால் கிடைப்பது அந்தக் குறைந்த மதிப்புத்தான். அதைவிட, ஒவ்வொரு கிளெய்மிலும் இத்தனை ரூபாய் வரை நானே ஏற்றுக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுக்கும் 'வாலண்டரி டிடக்டிபிள்' நேர்மையான சிக்கனம். சிறு கிளெய்மே போடாதவருக்கு, பெரிய கிளெய்ம் வந்தால் மட்டுமே அந்தத் தொகை கழியும். இன்னொன்றும் இங்கே பிரஸ்தாபிக்கத்தக்கது. சும்மா நிற்கிறதே என்று ஓன் போர்டு காரைச் சினிமாப் படப்பிடிப்புக்கும் கல்யாண சவாரிக்கும் வாடகைக்கு விடுவது இந்தப் பக்கத்தில் சகஜம். அப்படிப் போன நேரத்தில் விபத்து நேர்ந்தால், சொந்த உபயோகத்துக்கென்று எடுத்த பாலிசியை நம்பிப் பிரயோஜனமில்லை.

கடைசியாக, தேதி. பாலிசி காலாவதியானபின் 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால், பல வருஷம் சேர்த்த போனஸ் அத்தனையும் போய்விடும். இடைப்பட்ட நாள்களில் காரை வெளியே எடுத்தால் முதல்முறை அபராதமே 2,000 ரூபாய். இன்ஷூரன்ஸ் முடியும் தேதியோ ஊரில் விசேஷம் வரும் தேதியை அனுசரித்து வருவதில்லை. பெரியவர் இரண்டு தாள்களையும் மடித்துக் கணக்கப்பிள்ளையிடம் கொடுத்து, நாள்காட்டியில் வரும் ஆடி மாதத்துத் தாளைப் புரட்டச் சொல்லி, பால்காரர் கணக்குக்குப் பக்கத்தில் முடியும் தேதியைச் சிவப்பு மையால் குறித்துவைக்கச் சொன்னார்.