காலணி அளவு முறைகள்

காலணி அளவு என்பது ஒருவருடைய பாதத்துக்குப் பொருந்தும் காலணியைத் தெரிந்தெடுக்க உதவும் எண் ஆகும். இவ்வெண் நாட்டுக்கு நாடு வேறுபடுகின்றது. 25 செ.மீ. நீளமான பாதம் கொண்ட ஓர் ஆண் அணியும் காலணி, பிரித்தானியாவில் 6 எனவும், ஐக்கிய அமெரிக்காவில் 7 எனவும், ஐரோப்பாவின் பிற நாடுகளில் 40 எனவும், ஜப்பானில் 25 எனவும் குறிக்கப்படும். இந்தியாவில் பிரித்தானிய முறையே நெடுங்காலமாகப் புழக்கத்தில் இருந்து வந்துள்ளது. இந்தியர்களின் பாதங்களை அளந்து தனி முறை ஒன்றை வகுக்கும் முயற்சி, சென்னை அடையாற்றில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தால் மேற்கொள்ளப்பட்டது.

அளக்கப்படுவது எது?

காலணி, பாதத்தின் வடிவில் அமைந்த ஓர் அச்சின் மீது தைக்கப்படுகின்றது. மரத்தாலோ நெகிழியாலோ ஆன இவ்வச்சைத் தொழிற்சாலைகளில் லாஸ்ட் என்பர். நடக்கும்போது விரல்கள் முன்னோக்கி நகர்வதால், அச்சு பாதத்தை விடச் சுமார் 15 மி.மீ. நீளமாக இருக்கும். பிரித்தானிய, அமெரிக்க, ஐரோப்பிய முறைகள் இவ்வச்சின் நீளத்தையே குறிக்கின்றன. ஜப்பானிய முறை பாதத்தின் நீளத்தைக் குறிக்கின்றது. எண்கள் வேறுபடுவதற்கு முதற் காரணம் இதுவே. ஒவ்வொரு முறையும் வெவ்வேறு அலகைக் கொண்டிருப்பது இரண்டாவது காரணமாகும்.

பிரித்தானிய முறை

இம்முறையின் அலகு ஒரு வாற்கோதுமை மணியின் நீளம் ஆகும். தமிழர் அளவை முறையில் எட்டு நெல் ஒரு விரல் எனக் கொள்ளப்பட்டது போல, இங்கிலாந்தில் மூன்று வாற்கோதுமை மணிகள் ஓர் அங்குலம் எனக் கொள்ளப்பட்டன. எனவே அடுத்தடுத்த இரண்டு அளவுகளுக்கு இடையே அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 8.47 மி.மீ. வேறுபாடு உண்டு.

குழந்தைகளுக்கான அளவு 4 அங்குலத்தில் சுழியாகத் தொடங்கி 13 வரை செல்கின்றது. அதன் பின்னர் பெரியவர்களுக்கான வரிசை மீண்டும் 1 இலிருந்து தொடங்குகின்றது. ஆகவே, பெரியவர் வரிசையின் 1 ஆம் எண், குழந்தை வரிசையின் 13 ஆம் எண்ணை விடப் பெரியதாகும். பெரியவர் அளவைக் கணிக்க, அங்குலத்தில் அளந்த அச்சின் நீளத்தை 3 ஆல் பெருக்கி 25 ஐக் கழிக்க வேண்டும்.

அமெரிக்க முறை

அமெரிக்க முறையிலும் இதே அலகுதான் பயன்படுகின்றது. ஆனால் தொடங்கும் இடம் வேறு. பொதுவாக ஆண்களுக்கான அமெரிக்க எண், பிரித்தானிய எண்ணை விட ஒன்று கூடுதலாக இருக்கும். பெண்களுக்கான எண், அதே நீளமுள்ள ஆண்கள் காலணியின் எண்ணை விட ஏறத்தாழ ஒன்றரை கூடுதலாக இருக்கும். அமெரிக்கக் கடைகளில் பாதத்தை அளக்கப் பயன்படும் பிரானாக் கருவி 1920களில் நியூயார்க் மாநிலத்தின் சிரக்கியூசு நகரில் சார்லசு பிரானாக் என்பவரால் உருவாக்கப்பட்டது. இக்கருவி நீளத்துடன் அகலத்தையும் அளக்கின்றது.

ஐரோப்பிய முறை

இதன் அலகு பாரிசுப் புள்ளி எனப்படும். ஒரு பாரிசுப் புள்ளி என்பது ஒரு செ.மீ. நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 6.67 மி.மீ. ஆகும். அச்சின் நீளத்தைச் செ.மீ. இல் அளந்து ஒன்றரையால் பெருக்கினால் ஐரோப்பிய எண் கிடைக்கும். மேற்கூறிய 25 செ.மீ. பாதத்துக்கு அச்சின் நீளம் 26.5 செ.மீ. எனக் கொண்டால், 39.75 என்ற விடை வரும். இதுவே 40 என முழுமையாக்கப்படுகின்றது.

8.47 மி.மீ., 6.67 மி.மீ. ஆகிய இரு அலகுகளும் ஒன்றோடொன்று பொருந்தாதவை. சில விளையாட்டுக் காலணிகளில் 40⅔, 41⅓ போன்ற பின்ன எண்கள் காணப்படுவது இதனாலேயே ஆகும். மாற்று அட்டவணைகள் நிறுவனத்துக்கு நிறுவனம் சற்று மாறுபடுவதற்கும் இது ஒரு காரணம்.

ஜப்பானிய முறையும் மாண்டோபாயிண்ட் முறையும்

ஜப்பானில் பாதத்தின் நீளம் செ.மீ. இல் நேரடியாகக் குறிக்கப்படுகின்றது. பாதத்தின் சுற்றளவு ஈ, ஈஈ, ஈஈஈ போன்ற ஆங்கில எழுத்துக்களின் வரிசையால் காட்டப்படும். பன்னாட்டுத் தர நிறுவனம் வகுத்த மாண்டோபாயிண்ட் முறையில், பாதத்தின் நீளமும் அகலமும் மி.மீ. இல் தரப்படுகின்றன. படைவீரர்களின் காலணிகளுக்கும் பனிச்சறுக்குக் காலணிகளுக்கும் இம்முறை பயன்படுகின்றது.

வட சென்னையில் அளவின் தேவை

காலணி அளவு வெறும் வசதி பற்றியது அன்று என்பதை வட சென்னையின் வாழ்க்கையில் இருந்து விளங்கிக் கொள்ளலாம். வியாசர்பாடி கால்பந்து ஆட்டத்துக்குப் பெயர்பெற்ற பகுதி. கால்பந்துக் காலணியில் பெரும்பாலும் மூன்று நான்கு நாடுகளின் எண்கள் ஒருங்கே அச்சிடப்பட்டிருக்கும். அமெரிக்க எண்ணைப் பிரித்தானிய எண் எனக் கருதி வாங்கினால், காலணி ஓர் அளவு சிறியதாகிவிடும். இறுக்கமான காலணியில் ஓடி ஆடும் சிறுவர்களுக்குக் கட்டைவிரல் நகம் கறுத்துப் போகும். தளர்வான காலணி குதிகாலில் கொப்புளத்தை உண்டாக்கும்.

துறைமுகம், எண்ணூர், மணலி, திருவொற்றியூர் ஆகிய தொழிற்பகுதிகளில் பாதுகாப்புக் காலணி இன்றியமையாதது. இதன் முன்பகுதியில் விரல்களைக் காக்கும் மூடி இருக்கும். இது 200 ஜூல் ஆற்றல் கொண்ட மோதலைத் தாங்க வேண்டும் என்பது தரவிதி. தோல் நாளடைவில் இளகிக் கொடுக்கும். எஃகு மூடி இளகாது. எனவே நீளம் சரியாக இருந்தும் அகலம் போதாத காலணியை ஒரு வேலைநேரம் முழுவதும் அணிவது கடினம். அணியாமல் கழற்றி வைக்கப்பட்ட காலணி யாரையும் காப்பதில்லை.

இந்தியப் பாதமும் 'பா' முறையும்

வழக்கமாக வெறுங்காலுடன் நடப்பவர்களின் பாதம் முன்பகுதியில் அகன்றிருப்பதைத் தென்னிந்தியரிடையே நடத்தப்பட்டு 2009 இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. ஐரோப்பியரின் பாதத்தைக் கொண்டு வகுக்கப்பட்ட அளவுகளில் இவ்வகலத்துக்குப் போதிய இடம் இல்லை. அகலம் போதாமையால் நீளமான காலணியை வாங்குவது பலரின் வழக்கமாயிற்று.

1948 இல் நிறுவப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், 2021 திசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாட்டின் 79 இடங்களில் 1,01,880 பேரின் பாதங்களை முப்பரிமாண வருடி மூலம் அளந்தது. தொடக்கத்தில் ஐந்து வட்டாரங்களுக்கு ஐந்து முறைகள் தேவைப்படலாம் எனக் கருதப்பட்டது. ஆயினும் நாடு முழுமைக்கும் ஒரே முறை போதும் என ஆய்வு முடிவு செய்தது. பெண்களின் பாத வளர்ச்சி ஏறக்குறைய 11 வயதிலும், ஆண்களின் பாத வளர்ச்சி 15 அல்லது 16 வயதிலும் உச்சத்தை அடைவதாகவும் கண்டறியப்பட்டது. பாரதம் என்ற சொல்லின் முதலெழுத்தால் 'பா' எனப் பெயரிடப்பட்ட இம்முறை, கைக்குழந்தை முதல் பெரியவர் வரை எட்டுப் பிரிவுகளைப் பரிந்துரைக்கின்றது. அரை அளவுகள் இதில் தேவைப்படா. இப்பரிந்துரை 2024 இல் பரவலாக அறியப்பட்டது. இதனைத் தரநிலையாக ஏற்று அறிவிக்கும் பொறுப்பு இந்தியத் தர நிர்ணய அமைவனத்துக்கு உரியது.

பாதத்தை அளக்கும் முறை

எந்த நாட்டு எண்ணாயினும், பாதத்தின் நீளத்தை மி.மீ. இல் அறிந்திருப்பது குழப்பத்தைத் தவிர்க்கும். சுவரை ஒட்டித் தரையில் ஒரு தாளை வைத்து, குதிகால் சுவரைத் தொடுமாறு எழுந்து நிற்க வேண்டும். மிக நீண்ட விரலின் நுனியைக் குறித்து அளக்க வேண்டும். சிலருக்குக் கட்டைவிரலை விட இரண்டாம் விரல் நீளமாக இருக்கும். பாதம் மாலையில் சற்று வீங்கியிருக்கும் என்பதால் அந்நேரத்தில் அளப்பது நன்று. இரு பாதங்களையும் அளந்து, பெரியதையே கணக்கில் கொள்ள வேண்டும். பாதத்தின் மிக அகன்ற இடத்தையும் அளந்து கொள்வது நல்லது.

நீரிழிவு நோயால் பாதத்தில் உணர்வு குறைந்தவர்களுக்கு இது மிகவும் முக்கியமானது. காலணி கடிப்பதை அவர்களால் உணர முடியாமல் போகலாம். சிறு புண்ணும் பெரிதாகிக் காலை இழக்கும் நிலைக்குக் கொண்டு செல்லக்கூடும். ஆகவே அவர்கள் காலணி இறுக்கமாகத் தோன்றவில்லை என்பதை மட்டும் நம்பாது, அளந்து பார்த்தே தெரிந்தெடுத்தல் வேண்டும்.