பல்கலைக்கழக நூலகத்துக்குள் ஊர்க்காரர் நுழைந்தால் என்ன ஆகும்?

பல வருஷத்துக்கு முன்னால், ஒரு பழைய மாவட்ட கெசட்டியரைத் தேடி ஒரு கல்லூரி நூலகத்துக்குப் போனேன். வாசலில் ஐடி கார்டு கேட்டார்கள். "ஸ்டூடண்டா, ஸ்டாஃபா?" ரெண்டும் இல்லை. "அப்ப உள்ளே விட முடியாது சார்." அவ்வளவுதான், திரும்பி வந்துட்டேன். அந்தப் புத்தகத்தை அந்த வருஷம் வேறு யாராவது தொட்டிருப்பார்களா என்பதே சந்தேகம்தான்.

அன்றிலிருந்து ஒரு கேள்வி மனசில் இருக்கிறது. பல்கலைக்கழக நூலகத்தை ஊருக்கே திறந்துவிட்டால் என்ன ஆகும்? புத்தகம் தொலையுமா? மாணவருக்கு உட்கார இடம் இல்லாமல் போகுமா? இதைச் செய்தே பார்த்த ஒரு ஊர் இருக்கிறது: அமெரிக்காவில், கலிஃபோர்னியாவின் சான் ஹோசே.

நகரத்தின் நடுவிலேயே சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1990களில் பல்கலைக்கழகத்துக்கும் நூலக இடம் போதவில்லை, நகராட்சியின் மைய நூலகத்துக்கும் போதவில்லை. ரெண்டு பேரிடமும் தனித்தனியாகப் பெரிய கட்டடம் கட்டப் பணம் கிடையாது. 1997ல் அப்போதைய மேயர் சூசன் ஹாமரும் பல்கலைக்கழகத் தலைவர் ராபர்ட் கேரட்டும் சேர்ந்து ஒரு திட்டத்தை அறிவித்தார்கள்: ரெண்டுக்கும் ஒரே நூலகம். 2003 ஆகஸ்டில் அது திறந்தது. எட்டு மாடி, சுமார் 4,75,000 சதுர அடி, செலவு 17.75 கோடி டாலர். மாநில அரசு, நகரம், நன்கொடையாளர்கள் எனப் பல கைகள் சேர்ந்து கட்டியது. பெயர், மார்ட்டின் லூதர் கிங் ஜூனியர் நூலகம்.

சும்மா நடந்துவிடவில்லை. பேராசிரியர்களிலும் மாணவர்களிலும் பலர் கடுமையாக எதிர்த்தார்கள். எதிர்ப்பில் நியாயமும் இருந்தது. ஆய்வுக்கு வேண்டிய புத்தகத்தை வெளியாள் எடுத்துப் போய்விட்டால், தேர்வு வாரத்தில் மாணவர் எங்கே போவார்? குழந்தைகள் ஓடி விளையாடும் இடத்தில் உட்கார்ந்து யாரால் ஆய்வேடு எழுத முடியும்?

"எல்லாரும் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க" என்று பதில் சொல்லியிருந்தால் நூலகம் ஒரு வருஷம்கூடத் தாங்கியிருக்காது. அவர்கள் ஒவ்வொரு சிக்கலுக்கும் ஒரு சின்ன ஏற்பாடு செய்தார்கள். நான் கவனித்த நாலைச் சொல்கிறேன்.

முதலாவது, மாடி. குழந்தைகள் பகுதி தரைத்தளத்தில். மேலே போகப்போகச் சத்தம் குறையும். ஆய்வுத் தொகுப்புகள் மேல்மாடிகளில். வாசலும் ரெண்டு: ஒன்று நகரத் தெருவைப் பார்த்து, இன்னொன்று வளாகத்தைப் பார்த்து. பேருந்திலிருந்து இறங்கி வருபவருக்குத் தான் யாரோ ஒருவருடைய கல்லூரிக்குள் நுழைகிறோம் என்ற கூச்சம் வராது.

இரண்டாவது, அடுக்கும் முறை. பொது நூலகத்தில் டியூயி தசம முறை; எண்களை வைத்துப் பிரிப்பது. பல்கலைக்கழகத்தில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலக முறை. ஆங்கில எழுத்தில் தொடங்கும். லட்சக்கணக்கான புத்தகத்துக்கு லேபிளை மாற்றி ஒட்டுவது நடக்கிற காரியமா? அதனால் ரெண்டையும் அப்படியே விட்டுவிட்டு, தேடும் பட்டியலை மட்டும் ஒன்றாக்கினார்கள். ஒரே விஷயத்துக்கு ரெண்டு மாடி ஏற வேண்டியிருக்கலாம். ஆனால் நகர நூலக அட்டை வைத்திருந்தவர் பல்கலைக்கழகப் புத்தகத்தையும் வீட்டுக்கு எடுத்துப் போக முடிந்தது.

மூன்றாவது, மின்னிதழ்களும் தரவுத்தளங்களும். இங்கேதான் பகிர்வு முட்டி நிற்கிறது. பல்கலைக்கழகம் வாங்குவது தன் மாணவர், ஆசிரியர் எண்ணிக்கைக்கான உரிமம். சுமார் பத்து லட்சம் பேர் வாழும் நகரத்துக்கே சேர்த்துக் கொடு என்றால் எந்தப் பதிப்பகம் ஒத்துக்கொள்ளும்? கட்டடத்துக்குள் வந்து உட்கார்ந்தால் யாரும் படிக்கலாம், வீட்டிலிருந்து படிக்கப் பல்கலைக்கழகக் கணக்கு வேண்டும் என்பதுதான் இதற்குக் கிடைத்த சமரசம். காகிதப் புத்தகத்தை இரவல் கொடுக்க நூலகமே முடிவு செய்யலாம். மின்னிதழில் அந்த முடிவு விற்பவர் கையில். எனக்கு இது நெருடலாகத்தான் இருக்கிறது.

நான்காவது, வேலையாட்கள். ஒரே கட்டடத்தில் வேலை செய்யும் ரெண்டு நூலகர்களில் ஒருவருக்குச் சம்பளம் நகரத்திலிருந்து, இன்னொருவருக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து வரலாம். விடுமுறை, பணி விதி எல்லாம் வேறு வேறு. கேள்வியோடு வருபவருக்கு இது எதுவும் தெரிய வேண்டியதில்லை.

பெரிய சோதனை அப்புறம் வந்தது. பொதுக் கணினிகளில் ஆபாசப் படங்களைத் தடுக்க வடிகட்டி மென்பொருள் போட வேண்டும் என்று நகரமன்றத்தில் ஒரு கோரிக்கை எழுந்தது. குழந்தைகள் வரும் இடம் என்பது பெற்றோர் பக்க வாதம். அந்த மென்பொருள் மருத்துவம், பாலியல் சார்ந்த ஆய்வுத் தளங்களையும் சேர்த்து மூடிவிடுமே என்பது எதிர்வாதம். பொது நூலகமாக மட்டும் இருந்திருந்தால் நகரமன்றம் தன் போக்கில் முடிவெடுத்திருக்கலாம். இங்கே ஆய்வுச் சுதந்திரமும் அதே கூரைக்குக் கீழே இருந்தது. நீண்ட விவாதத்துக்குப் பிறகு 2009ல் கோரிக்கை தோற்றது. சேர்ந்து வாழ்வதென்றால் இதுதான்: ஒருவர் வீட்டு வழக்கு மற்றவர் வீட்டுக்கும் வரும்.

நூலகம் என்ன ஆனது? 2004ல் 'லைப்ரரி ஜர்னல்' இதழ் ஆண்டின் சிறந்த நூலகமாக இந்த ரெண்டு அமைப்புகளையும் சேர்த்தே தேர்ந்தெடுத்தது. இதே வழியில் போனவர்கள் வேறு இடங்களிலும் உண்டு. ஃபுளோரிடாவில் நோவா சவுத்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகம் 2001ல் பிரவர்ட் கவுண்டியோடு சேர்ந்து ஒரு நூலகம் திறந்தது. இங்கிலாந்தின் வூஸ்டர் நகரில் 2012ல் 'தி ஹைவ்' வந்தது.

இந்த ஏற்பாட்டால் யாருக்கு லாபம் என்று யோசித்துப் பார்த்தேன். மாணவருக்கு எப்படியும் ஒரு நூலகம் கிடைத்திருக்கும். கல்லூரிப் படியே ஏறாதவர், பட்டம் முடித்து இருபது வருஷம் ஆனவர், வேலை போனபின் புதுத் தொழில் படிப்பவர், ஊர் வரலாறு தேடும் ஓய்வுபெற்றவர் ஆகியோருக்குத்தான் மேல்மாடி திறந்தது. தரைத்தளத்தில் படக்கதை எடுத்த குழந்தை அதே லிஃப்டில் எட்டாம் மாடி வரை போகலாம்.

எல்லா ஊரிலும் எட்டு மாடி கட்ட முடியாது, வேண்டியதும் இல்லை. வாரத்தில் ரெண்டு நாள், உட்கார்ந்து படிக்க மட்டும் அனுமதி, ஒரு வருகைப் பதிவேடு. இதற்குக் கட்டடம் வேண்டாம். "உள்ளே விட முடியாது சார்" என்பதற்குப் பதிலாக "இந்த நேரத்தில் வாங்க" என்று சொல்ல ஒரு விதி எழுதினால் போதும்.