கார்ட்றிட்ஜும் இறுவட்டும்: வீடியோ விளையாட்டு விநியோகத்தின் அரசியற் பொருளாதாரம்

தொலைக்காட்சிப் பெட்டியுடன் இணைத்து ஆடப்படும் வீடியோ விளையாட்டுக்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் ஆக்கியோரின் கற்பனையையும் பொறிகளின் வேகத்தையுமே பேசுவர். விளையாட்டு எப்பொருளிற் பதியப்பட்டு நுகர்வோரை வந்தடைகின்றது என்பது அவர்களுக்கு இரண்டாம்பட்சமானது. ஆயின், அப்பொருளை உற்பத்தி செய்யும் உரிமை யாரிடம் இருந்தது என்ற வினாவே 1990களில் அத்தொழிலின் போக்கைப் பெரிதும் நிர்ணயித்தது.

கார்ட்றிட்ஜ் என்பது பிளாஸ்ரிக் உறையினுள் அடங்கிய நினைவகச் சில்லாகும். உற்பத்தியின்போதே விளையாட்டு அதிற் பதிக்கப்பட்டுவிடும். அது விரைவாக வாசிக்கப்படும், எளிதிற் பழுதடையாது, சாதாரணமானோர் அதனைப் படியெடுத்தல் கடினம். யப்பானிய நிறுவனமாகிய நின்ரெண்டோ 1985இல் அமெரிக்காவில் வெளியிட்ட தனது பொறியிற் பூட்டுச் சில்லொன்றைப் பொருத்தி, தன் அனுமதியின்றி ஆக்கப்பட்டவை அதில் இயங்காதவாறு தடுத்தது. வெளியீட்டாளர்கள் கார்ட்றிட்ஜுகளை அந்நிறுவனத்தினூடாகவே, முற்பணம் செலுத்தி, வாரக்கணக்கிற் காத்திருந்து பெறவேண்டியிருந்தது. விற்பனையாகாதவற்றின் நட்டம் வெளியீட்டாளரையே சார்ந்தது. எதிர்பார்த்ததிலும் அதிகம் விற்றாலோ, அடுத்த தொகுதி வந்துசேருமுன் சந்தையின் ஆர்வம் தணிந்துவிடும். ஆலை முதலாளியைவிட, விளைச்சல் பொய்த்தாலும் வாரத்தைத் தவறாது அறவிடும் நிலக்கிழாரையே இவ்வேற்பாடு நினைவூட்டுகின்றது.

இறுவட்டுக்கு மாறும் முயற்சி சோனியுடனான கூட்டாகவே தொடங்கிற்று. 1991 யூனில் சிக்காகோவில் நடைபெற்ற கண்காட்சியிற் சோனி தனது இறுவட்டுப் பொறியை அறிவித்தது. மறுநாளே நின்ரெண்டோ, பிலிப்ஸ் நிறுவனத்துடன் இணைவதாக அறிவித்தது. இறுவட்டு விளையாட்டுக்களுக்கு உரிமம் வழங்கும் அதிகாரம் சோனியிடம் செல்லும் வகையில் முன்னைய ஒப்பந்தம் அமைந்திருந்தமை இம்முறிவின் முக்கிய காரணமாகும். தனித்து நின்ற சோனி 1994 டிசெம்பரிற் பிளேஸ்ரேசனை வெளியிட்டது. 1996 யூனில் வந்த நின்ரெண்டோ 64 கார்ட்றிட்ஜையே பற்றிநின்றது.

அதன் கார்ட்றிட்ஜ் கூடியது 64 மெகாபைற் கொண்டது. இறுவட்டோ ஏறத்தாழ 650. நின்ரெண்டோவுடன் நெடுங்காலம் உறவு கொண்டிருந்த ஸ்குவெயர் நிறுவனம் ‘பைனல் பன்ரசி 7’ஐ 1997இல் மூன்று இறுவட்டுக்களிற் பிளேஸ்ரேசனுக்கே வழங்கிற்று. பிளேஸ்ரேசன் 10 கோடிக்கு மேல் விற்பனையாயிற்று. நின்ரெண்டோ 64 ஏறத்தாழ 3.3 கோடி.

இதனைத் தொழில்நுட்பத்தின் வெற்றியென்று மட்டும் கொள்வது இயந்திரப் பாங்கான விளக்கமாகும். இறுவட்டு மெதுவாக வாசிக்கப்பட்டது, கீறல் விழுந்தது, களவாகப் படியெடுக்கப்பட்டது. அதில் எழுத இயலாமையால், ஆட்டத்தின் நிலையைச் சேமிக்க 128 கிலோபைற் நினைவக அட்டையைத் தனியாக விலைகொடுத்து வாங்கவேண்டியிருந்தது. மறுபுறம், இரண்டு இறுவட்டுக்களில் வந்த ‘ரெசிடென்ற் ஈவில் 2’ 1999இல் ஒரே கார்ட்றிட்ஜினுட் சுருக்கி அடக்கப்பட்டது. இறுவட்டின் உண்மையான அனுகூலம் மலிவிலும், குறைந்த தொகையில் அச்சிட்டுத் தேவைக்கேற்பச் சில நாட்களில் மீளப்பெறும் வசதியிலுமே இருந்தது. சோனியும் ஒவ்வொரு வட்டுக்கும் உரிமைக் கட்டணம் அறவிட்டது என்பதை மறந்துவிடலாகாது. வாரம் ஒழியவில்லை, வெளியீட்டாளரின் இடர் குறைந்தது, அவ்வளவே.

2017இல் வெளிவந்த சுவிட்ச் பொறியில் நின்ரெண்டோ மீண்டும் சிறிய நினைவக அட்டைக்குத் திரும்பியது. 2020இற் பிளேஸ்ரேசன் 5 வட்டு இயக்கி இல்லாத வடிவிலும் விற்பனைக்கு வந்தது. 2025 யூனில் வெளியான சுவிட்ச் 2இற்குரிய அட்டைகள் சிலவற்றில் விளையாட்டே இல்லை. இணையத்திலிருந்து அதனைத் தரவிறக்குவதற்கான திறவுகோல் மட்டுமே உண்டு. அத்தகைய அட்டையை இரவல் கொடுக்கலாம், விற்கவும் செய்யலாம்; ஆயின் பெறுபவர் தரவிறக்க இயலுமா என்பது நிறுவனம் தன் சேவையை எத்துணைக் காலம் நடத்தும் என்பதைப் பொறுத்தது. நின்ரெண்டோ தனது 3டிஎஸ், வீ யூ ஆகிய பொறிகளுக்கான இணையக் கடையில் விற்பனையை 2023 மார்ச்சில் நிறுத்தியது. அப்பொறிகளுக்கெனத் தரவிறக்க வடிவில் மட்டும் வெளிவந்த விளையாட்டுக்களை இன்று அக்கடையிற் பணம் கொடுத்தும் வாங்க வழியில்லை.